உங்களுக்குத் தெரியுமா? தண்டவாளம் எட்டாத கடைத்தெரு

யாழ்ப்பாணத் தீவுகளில் ரயில் ஓடியதே இல்லை. அங்கே கடைத்தெருவுக்கு உயிர் கொடுத்தது துறைமுகம்தான். வேலணைத் தீவின் வடகோடியிலுள்ள ஊர்காவற்றுறை அதற்குப் பெயர்பெற்றது.

அதன் வணிகப் பழமைக்குக் கல்லிலேயே சான்று உண்டு. 12ஆம் நூற்றாண்டில் ஆண்ட முதலாம் பராக்கிரமபாகு நயினாதீவில் தமிழில் பொறித்த சாசனம், வெளிநாட்டு வணிகர் ஊராத்துறைக்கு (இன்றைய ஊர்காவற்றுறைக்கு) வந்து தங்கவேண்டும் என்கிறது. யானையும் குதிரையும் ஏற்றிவந்த மரக்கலம் உடைந்தால் காற்பங்கு அரச பண்டாரத்துக்கு, முக்காற்பங்கு உடையவனுக்கு. வணிகச் சரக்கென்றால் பாதிக்குப் பாதி. யானை, குதிரை கொண்டுவந்தவனுக்குச் சலுகை கூடுதல். போருக்கு வேண்டிய விலங்குகளாயிற்றே!

போர்த்துக்கேயர், ஒல்லாந்தர் காலங்களில் வன்னி யானைகள் இத்துறையிலிருந்தே கப்பலேறின. ஊர்காவற்றுறைக்கும் காரைநகருக்கும் இடையே கடல் நடுவில் நிற்கும் கடற்கோட்டையை 1658இல் ஒல்லாந்தர் கைப்பற்றினர்.

1905இல் கொழும்பு–காங்கேசன்துறை ரயில் பாதை முழுமையடைந்தது. கொழும்புச் சரக்கு யாழ்ப்பாண நகருக்கு நேரே தண்டவாளத்தில் வரத் தொடங்கியது. பாய்க்கப்பலை நம்பிய துறைக்கு அது நல்ல செய்தியல்ல. தண்டவாளம் எட்டாத ஊர்காவற்றுறையிலிருந்து எதிர்க்கரைக் காரைநகருக்கு இன்றும் பயணிகள் படகிலேயே கடக்கிறார்கள்.