மாடிக் குடிலில் மண்ணில்லாக் கீரை: வெயிலைச் சமாளித்தால்தான் விளைச்சல்

சில ஆண்டுகளுக்கு முன், ஒரு மே மாதத்தில், எங்கள் வீட்டு மொட்டை மாடியில் 10 அடிக்கு 10 அடி அளவில் பாலித்தீன் குடில் போட்டேன். குழாய்களில் லெட்யூஸ், துளசி, புதினா நாற்றுகளை வைத்து, ஊட்டச்சத்துக் கரைசலை ஓடவிட்டேன். ஐந்தாம் நாள் பிற்பகலில் எல்லாச் செடிகளும் தலை தொங்கிவிட்டன. தொட்டியில் தண்ணீர் இருந்தது. சத்தின் அளவும் சரியாக இருந்தது. ஒரு செடியைத் தூக்கிப் பார்த்தேன். வெள்ளையாக இருக்க வேண்டிய வேர், பழுப்பேறி வழுவழுத்துக் கிடந்தது. கரைசலில் வெப்பமானியை விட்டால் 36 டிகிரி செல்சியஸ் காட்டியது. உழவியலில் முனைவர் பட்டம் பெற்ற எனக்கு ஒரு தொட்டித் தண்ணீர் நடத்திய பாடம் அது.

வேருக்கும் மூச்சு வேண்டும்

20 டிகிரி வெப்பத்தில் ஒரு லிட்டர் தண்ணீர் சுமார் 9 மில்லிகிராம் ஆக்சிஜனைத் தாங்கும். 35 டிகிரியில் அது ஏறக்குறைய 7 மில்லிகிராமாகக் குறைந்துவிடும். ஆனால், வெப்பம் கூடக் கூட வேர் சுவாசிக்கும் வேகம் அதிகரிக்கும். தேவை கூடி, இருப்பு குறையும்போது வேர் பலவீனமாகிறது. அப்போது பித்தியம் என்னும் பூஞ்சாணம் போன்ற நுண்ணுயிர் நுழைந்து வேரழுகலை உண்டாக்குகிறது. தண்ணீரில் நிற்கும் செடி வாடுவதன் காரணம் இதுதான்.

குளிர் நாடுகளில் பசுமைக்குடில் வெப்பத்தைப் பிடித்து வைப்பதற்காகக் கட்டப்படுகிறது. நம் சமவெளியில் அதை வெளியேற்ற வேண்டியிருக்கிறது. எனவே நான்கு பக்கமும் பாலித்தீன் மூடிய குடில் வீட்டுக்கு வேண்டாம். மேலே 50 சதவீத நிழல்வலை, பக்கங்களில் பூச்சி புகாத வலை போதும். மழைக்காலத்தில் கூரைக்கு மட்டும் பாலித்தீன் போட்டு, பக்கங்களில் காற்று வர விடுங்கள். கரைசல் தொட்டியை நிழலில் வைத்து ஈரச் சாக்கைச் சுற்றுங்கள்.

லெட்யூஸ், கொத்தமல்லி ஆகியவற்றைச் சமவெளியில் நவம்பர் முதல் பிப்ரவரி வரை வளர்ப்பது நல்லது. கோடையில் கொத்தமல்லி இலை தழைக்காமல் பூவுக்குப் போய்விடும். அந்த மாதங்களுக்குத் தண்டுக்கீரை, வள்ளைக்கீரை, துளசி ஏற்றவை.

பம்பு இல்லாத முறை

குழாய் முறையில் கரைசல் மெல்லிய படலமாகத்தான் ஓடும். கோடை மதியத்தில் மின்சாரம் நின்றால் ஓரிரு மணி நேரத்திலேயே செடி வாடிவிடும். புதிதாகத் தொடங்குவோருக்கு ஹவாய்ப் பல்கலைக்கழக விஞ்ஞானி பெர்னார்ட் கிராட்கி பரப்பிய எளிய முறையே ஏற்றது. அதற்கு மோட்டாரே தேவையில்லை.

மூடியுள்ள 10 லிட்டர் பக்கெட்டின் வெளிப்புறத்தில் முதலில் கறுப்பு, அதன்மேல் வெள்ளைப் பெயின்ட் அடியுங்கள். கறுப்பு வெளிச்சத்தைத் தடுத்துப் பாசியைத் தவிர்க்கும். வெள்ளை வெயிலைத் திருப்பி அனுப்பும். மூடியில் துளையிட்டு, தென்னை நார்க்கழிவு நிரப்பிய வலைக்கிண்ணத்தில் நாற்றை வையுங்கள். கிண்ணத்தின் அடிப்பகுதி மட்டும் கரைசலில் தொட வேண்டும். செடி குடிக்கக் குடிக்க மட்டம் இறங்கும். மேலே வெளிப்படும் வேர்கள் காற்றை எடுத்துக்கொள்ளும். குறைந்துவிட்டதே என்று மீண்டும் விளிம்பு வரை நிரப்பினால் அந்த வேர்கள் மூழ்கிவிடும். தேவைப்பட்டால் பாதி அளவுக்குள் மட்டும் சேருங்கள். மூடியின் இடுக்குகளை வலையால் அடைப்பது கட்டாயம். தேங்கிய தண்ணீர் டெங்கு கொசுவுக்குத் தொட்டிலாகிவிடும்.

கரைசலில் நடக்கும் தவறுகள்

பி.எச். எனப்படும் கார அமில நிலை 5.5 முதல் 6.5 வரை இருக்க வேண்டும். மின் கடத்துத்திறன் லெட்யூஸுக்கு 0.8 முதல் 1.2, துளசிக்கு 1.0 முதல் 1.6, தக்காளிக்கு 2.0க்கு மேல் டெசி சீமன்ஸ் தேவை. இவற்றை அளக்கும் இரண்டு சிறு கருவிகளை முதலில் வாங்குங்கள். உப்பான ஆழ்துளைக் கிணற்று நீரில் சத்து சேர்க்கும் முன்பே இந்த அளவு நிரம்பியிருக்கும். அப்படியானால் மழைநீரைக் கலந்து பயன்படுத்துங்கள்.

கால்சியம் நைட்ரேட்டை ஒரு கேனிலும், மெக்னீசியம் சல்பேட், பாஸ்பேட் உப்புகளை மற்றொரு கேனிலும் கரைத்து வையுங்கள். அடர்கரைசலாக ஒன்று சேர்த்தால் சுண்ணாம்பு போல் படிந்து, வேருக்குப் பயன்படாமல் போகும். ஒன்றைத் தொட்டித் தண்ணீரில் நன்கு கலக்கிய பிறகே அடுத்ததை ஊற்ற வேண்டும்.

வயலுக்கு வாங்கிய 19:19:19 உரத்தைக் கரைக்கலாமா என்று பலரும் கேட்கின்றனர். வேண்டாம். அதிலுள்ள தழைச்சத்தின் பெரும்பகுதி யூரியா வடிவில் இருக்கிறது. அதை மாற்றித் தரும் மண் நுண்ணுயிர்கள் இந்தத் தொட்டியில் போதுமான அளவு இல்லை. பஞ்சகவ்யத்தையும் ஊற்றக் கூடாது. வயலில் நன்மை தரும் அதே பொருள் இங்கே அழுகி, இருக்கும் ஆக்சிஜனையும் தீர்த்துவிடும்.

யாருக்கு லாபம்?

மண்ணைவிடப் பல மடங்கு விளையும் என்ற விளம்பரத்தை நம்பி, நகையை அடகு வைத்துப் பெரிய குடில் போட நினைப்போருக்கு ஒரு செய்தி. நீர்வழிச் சாகுபடிக்கு இன்றும் அடிப்படையாக இருக்கும் கரைசலைத் தந்த கலிபோர்னியப் பல்கலைக்கழகத்தின் ஹோக்லண்டும் ஆர்னனும் 1938-லேயே இதை ஆராய்ந்தனர். நல்ல மண்ணில் நன்றாகப் பராமரித்த பயிரைவிட நீரில் வளர்த்த பயிர் பெரிதாக மிஞ்சவில்லை என்பதே அவர்கள் கண்டது.

ஆகவே, நல்ல மண்ணும் கிணற்றில் தண்ணீரும் இருப்பவருக்குக் கீரைப் பாத்தியே லாபம். நிலமில்லாத மாடி வீட்டார், உவர் மண் உள்ளவர், நூற்புழுவால் தோட்டத்தை இழந்தவர், சொட்டு நீரையும் எண்ணிச் செலவழிப்பவர் ஆகியோருக்கு இது உதவும். விற்பனைக்கு இறங்குவோர், லெட்யூஸை வாரந்தோறும் வாங்கும் கடையையோ ஓட்டலையோ உறுதி செய்துகொண்ட பிறகே செலவு செய்யுங்கள்.

முதலில் நான்கு பக்கெட், ஒரு பருவம். தினமும் மதியம் 2 மணிக்குக் கரைசலின் வெப்பத்தை அளந்து நோட்டில் எழுதுங்கள். அது 28 டிகிரியைத் தாண்டாமல் பார்த்துக்கொள்ள முடிந்தால், அடுத்த பருவத்தில் நாற்பது வைக்கலாம். நான் அந்தப் பாலித்தீனைக் கழற்றிவிட்டு, ஐப்பசிக் கடைசியில் நான்கு பக்கெட்டுகளுடன்தான் மறுபடி தொடங்கினேன். அந்தத் துளசி வேர்கள் வெள்ளையாகவே இருந்தன.