சிவிக்ஸ் கிளாஸ்ல கேள்வி கேட்கலாமா? முதல்ல டீச்சருக்குத்தான் டிரெய்னிங் வேணும்!

'அடிப்படை உரிமைகள் எத்தனை?' 'ஆறு!' 'ஓட்டுப் போடும் வயது?' 'பதினெட்டு!' சமூக அறிவியல் பரீட்சைக்காக இதையெல்லாம் மனப்பாடம் பண்ணாதவங்க நம்மில் இருக்க முடியாது. ஆனா, 'ஏன் பதினெட்டு? முன்னாடி 21-ஆ இருந்ததை ஏன் மாத்தினாங்க?' என்று எழுந்து கேட்டவங்க எத்தனை பேர்?

இதுக்கு ஆசிரியர்களை மட்டும் குறை சொல்ல முடியாது. அவங்களும் இப்படித்தான் படிச்சு வந்தாங்க. கணக்குப் பாடத்தில் விடை ஒண்ணுதான். உரிமைகள் பாடம் அப்படியில்லை. ஒருத்தரின் உரிமையும் இன்னொருத்தரின் நம்பிக்கையும் மோதும். அந்த மோதலை வகுப்பில் கையாளத் தனிப் பயிற்சி வேணும். அதில் என்னவெல்லாம் இருக்கணும்?

வழக்கிலிருந்து பாடம்

1985-ல் கேரளாவில் நடந்தது இது. தேசிய கீதம் பாடும்போது மூன்று குழந்தைகள் மரியாதையாக எழுந்து நின்றார்கள், ஆனால் பாடவில்லை. அவர்கள் பின்பற்றிய 'யெகோவாவின் சாட்சிகள்' மத நம்பிக்கை அதற்கு இடம் தரவில்லை. பள்ளியை விட்டு நீக்கப்பட்டார்கள். வழக்கு உச்ச நீதிமன்றம் வரை போனது.

பயிற்சியில் தீர்ப்பை உடனே சொல்லிடக் கூடாது. ஆசிரியர்களைத் தலைமையாசிரியர், மாணவர்கள், நீதிபதிகள் என மூன்று குழுவாகப் பிரித்து விவாதிக்க விடணும். ஒரே அறையில் எத்தனை கருத்து வருதுன்னு அவங்களே பார்ப்பாங்க. அதுக்கு அப்புறம்தான் 1986-ல் வந்த தீர்ப்பு: கருத்துச் சுதந்திரமும் மதச் சுதந்திரமும் அந்தக் குழந்தைகளுக்கு உண்டு, மறுபடியும் பள்ளியில் சேர்க்கணும். பெரும்பான்மைக்குப் பிடிக்காத மூன்று பேரையும் அரசியலமைப்பு காப்பாத்தும் என்பது இப்போ மனசுல நிக்கும்.

டீச்சர் தன் கருத்தைச் சொல்லலாமா?

'அரசியல் பேசினா வம்பு' என்று ஆசிரியர்கள் ஒதுங்கிப்போறதுக்கு இந்தப் பயம்தான் காரணம். இதே குழப்பம் ஜெர்மனியிலும் இருந்தது. 1976-ல் பாய்டல்ஸ்பாக் என்ற ஊரில் கல்வியாளர்கள் கூடிப் பேசியதில் மூன்று விதிகள் உருவாயின.

* ஆசிரியர் தன் கருத்தை மாணவர் மீது திணிக்கக் கூடாது.
* சமூகத்தில் சர்ச்சையாக இருக்கும் விஷயம், வகுப்பிலும் சர்ச்சையாகவே முன்வைக்கப்படணும். எல்லாத் தரப்பும் வரணும்.
* மாணவர் தன் நிலைமையைத் தானே அலசி, முடிவெடுக்கப் பழகணும்.

அரை நூற்றாண்டு ஆகப்போகுது, அங்கே குடிமைக் கல்விக்கு இன்னமும் இதுதான் அடிப்படை. நம்ம ஊர் ஆசிரியருக்கும் இது நல்ல கவசம். 'நான் ரெண்டு பக்கமும் சொன்னேன்' என்று பெற்றோரிடம் தைரியமாகச் சொல்லலாமே!

பிரம்பைக் கீழே வைங்க

கையில் பிரம்போடு மனித உரிமைப் பாடம் எடுத்தா, பசங்க பிரம்பைத்தான் ஞாபகம் வெச்சுப்பாங்க. கல்வி உரிமைச் சட்டம் 2009-ன் 17-வது பிரிவு, குழந்தைகளை அடிப்பதையும் மனரீதியாகத் துன்புறுத்துவதையும் தடை செய்கிறது. 29-வது பிரிவு, பாடத்திட்டம் அரசியலமைப்பின் விழுமியங்களுக்கு ஏற்ப இருக்கணும், குழந்தை பயமில்லாமல் கருத்துச் சொல்ல உதவணும் என்கிறது. தன் வகுப்பறையையே கட்டுப்படுத்தும் சட்டம் இது என்று ஒவ்வோர் ஆசிரியரும் தெரிஞ்சுக்கணும்.

பயிற்சியும் மாறணும்

ஆசிரியர்கள் ஆண்டுக்கு 50 மணி நேரமாவது பயிற்சி பெறணும்னு தேசியக் கல்விக் கொள்கை 2020 எதிர்பார்க்கிறது. அந்த நேரம் முழுக்க ஒருத்தர் மைக்கில் பேச, மத்தவங்க குறிப்பெடுத்தா, வகுப்பிலும் அதேதான் நடக்கும். கேள்வி கேட்டுப் பழகின ஆசிரியர்தான் கேள்வியைப் பொறுத்துக்குவார்.

பி.எட். படிக்கிறவங்க இதுக்கெல்லாம் காத்திருக்க வேண்டியதில்லை. டீச்சிங் பிராக்டிஸுக்குப் போகும்போது, வகுப்பு விதிகளை மாணவர்களையே எழுதச் சொல்லுங்க. 'இந்த விதி டீச்சருக்கும் உண்டா?' என்று ஒரு குரல் கண்டிப்பா வரும். பாடத்தை அங்கிருந்து ஆரம்பிங்க!