9 வோல்ட் பற்றரியில் மிச்சம் பிடிக்கலாமா?

கண்டி நகரில் வியாபாரம் செய்யும் எமக்கு மெட்டல் டிடெக்டர் புதிய சாமான் அல்ல. 1998 ஜனவரி 25ஆம் திகதி தலதா மாளிகைக்கு முன்னால் குண்டு வெடித்த பின்னர் சோதனைச் சாவடிகளில் அதன் சத்தத்தைக் கேட்டுப் பழகியவர்கள் நாம். 2019 ஏப்ரல் 21 உயிர்த்த ஞாயிறு தாக்குதலுக்குப் பின்னர் அது கடை வாசல், ஹோட்டல் வாசல், பள்ளிவாசல் என்று எல்லா இடங்களுக்கும் வந்து சேர்ந்தது. கருவியை நல்ல விலை கொடுத்து வாங்குகிறார்கள். அதற்குப் போடும் பற்றரியைத்தான் "இருப்பதில் மலிவானதைத் தாருங்கள்" என்று கேட்கிறார்கள். இந்த வாரம் அதைப் பற்றியே எழுதுகிறேன்.

டோர்ச் லைட்டின் பற்றரி இறங்கினால் வெளிச்சம் மங்கும், நமக்கு உடனே தெரியும். மெட்டல் டிடெக்டர் அப்படியல்ல. அதன் உள்ளே இருக்கும் கம்பிச் சுருளில் மின்சாரம் ஓடிக் காந்தப் புலம் ஒன்றை உண்டாக்குகிறது. அருகே உலோகம் வந்தால் அந்தப் புலம் மாறும், கருவி சத்தமிடும். பற்றரி பலவீனமானால் மலிவான கருவிகளில் இந்தச் சக்தியும் குறையும். அப்போது கருவி சும்மா இருக்கும். காவலாளியோ "இவரிடம் ஒன்றும் இல்லை" என்று ஆளை உள்ளே விடுவார். ஆபத்து அங்கேதான் இருக்கிறது.

கையில் பிடிக்கும் கருவிகளில் பெரும்பாலானவை சதுர வடிவ 9 வோல்ட் பற்றரி ஒன்றில் வேலை செய்பவை. சந்தையில் இது நான்கு வகையாகக் கிடைக்கிறது.

முதலாவது சாதாரண கார்பன் பற்றரி. உறையில் 6F22 என்று இருக்கும். கொள்ளளவு சுமார் 400 மில்லிஅம்பியர் மணி. விலை குறைவு. ஆனால் கூடுதலான மின்சாரம் இழுக்கும்போது சீக்கிரம் இறங்கும், கசியவும் செய்யும்.

இரண்டாவது அல்கலைன். 6LR61 அல்லது 6LF22 என்று இருக்கும். கொள்ளளவு சுமார் 550. அலமாரியில் ஐந்து வருடம் வரை தாங்கும்.

மூன்றாவது சார்ஜ் பண்ணக்கூடிய நிக்கல் மெட்டல் ஹைட்ரைட் வகை. கொள்ளளவு 200 அளவில்தான். இங்கே ஒரு நுணுக்கம் உண்டு. வெளியே 9V என்று பெரிதாகப் போட்டிருந்தாலும், உள்ளே ஆறு செல் இருந்தால் உண்மையில் 7.2 வோல்ட், ஏழு செல் இருந்தால் 8.4 வோல்ட். 7.2 வோல்ட் பற்றரியைப் போட்டால் சில கருவிகள் சீக்கிரமே "பற்றரி குறைவு" என்று காட்டும். எனவே சிறிய எழுத்தை வாசித்து 8.4 வோல்ட் உள்ளதையே வாங்குங்கள்.

நான்காவது லிதியம். சார்ஜ் பண்ண முடியாத லிதியம் சுமார் 1200 கொள்ளளவு உடையது, விலையும் அப்படியே. அண்மைக் காலமாக வரும் யூ.எஸ்.பி. வயரில் சார்ஜ் பண்ணும் லிதியம் அயன் வேறு ரகம். அதனுள்ளே வோல்ட்டை 9க்கு உயர்த்தும் சிறு சர்க்கிட் இருக்கிறது. அதன் மின் இரைச்சலால் சில கருவிகள் உலோகம் இல்லாமலே சத்தமிடும். அத்தோடு கடைசி நிமிடம் வரை 9 வோல்ட் காட்டிவிட்டுத் திடீரென்று நின்றுவிடும். எச்சரிக்கை விளக்கு எரிய நேரமே கிடைக்காது. வாசல் காவலுக்கு அது பொருத்தமில்லை என்பது எனது கருத்து.

இனிக் கணக்குக்கு வருவோம். கருவி 20 மில்லிஅம்பியர் இழுக்கிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். கார்பன் கூடியபட்சம் 20 மணித்தியாலம், அல்கலைன் சுமார் 27, சார்ஜ் பற்றரி 10, லிதியம் 60. சத்தமும் அதிர்வும் அடிக்கடி வந்தால் இன்னும் குறையும். நீங்கள் கொடுக்கும் விலையை இந்த மணித்தியாலத்தால் பிரித்துப் பாருங்கள். ஜும்ஆவுக்கு மட்டும் கருவியை எடுக்கும் பள்ளிவாசலுக்கு அல்கலைன் போதும். தினமும் பத்து மணித்தியாலம் பாவிக்கும் கடைக்கு, சார்ஜ் பற்றரி இரண்டு வாங்கி மாற்றி மாற்றிப் போடுவது சில மாதங்களில் இலாபமாகும். ஆனாலும் 2022 மார்ச் கடைசியில் நாளொன்றுக்கு 13 மணித்தியாலம் வரை மின்வெட்டு இருந்ததை மறக்க வேண்டாம். லாச்சியில் அல்கலைன் ஒன்று எப்போதும் இருக்கட்டும்.

பற்றரி விற்கும் சகோதரர்களுக்கும் ஒரு விடயம். அல்கலைன் என்று உறை போட்டு உள்ளே கார்பன் வைத்த சரக்கு சந்தையில் நடமாடுகிறது. இதைப் பிடிக்க இலகுவான வழி தராசு. அல்கலைன் 9 வோல்ட் பற்றரி சுமார் 45 கிராம் இருக்கும். கார்பன் 37 கிராம் அளவில் நிற்கும். பக்கத்து நகைக் கடைத் தராசில் ஒன்றை வைத்துப் பார்த்துவிட்டுப் பெட்டியை எடுங்கள். திகதி அச்சிடாத சரக்கை எடுக்கவே வேண்டாம். வெயில் படும் ஷோகேஸில் பற்றரியை அடுக்கவும் வேண்டாம்.

மீற்றரில் 9 வோல்ட் காட்டியது என்று பழைய பற்றரியை நம்பாதீர்கள். வேலை இல்லாமல் அளந்தால் பலவீனமான பற்றரியும் நல்ல கணக்குக் காட்டும். தினமும் காலையில் ஒரே கத்தரிக்கோலை ஒரே தூரத்தில் வைத்துக் கருவியைச் சோதிப்பதே சரியான முறை. நேற்று பிடித்த தூரத்தில் இன்று பிடிக்காவிட்டால் பற்றரியை மாற்ற வேண்டும். கருவியைப் பல நாள் பாவிக்காவிட்டால் பற்றரியைக் கழற்றி வையுங்கள். அதைச் சாவிக்கொத்து, சில்லறைக் காசுடன் சட்டைப் பையில் போடக் கூடாது. இரண்டு முனைகளும் ஒரே பக்கத்தில் இருப்பதால் உலோகம் பட்டால் சூடேறித் தீப்பிடிக்கக்கூடும். கழித்த பற்றரியின் முனைகளில் டேப் ஒட்டிவிடுங்கள்.

கடைசியாக, நிலத்துக்கடியில் தேடும் 'ஸ்கேனர்' கருவிக்குப் பற்றரி கேட்டு வருவோரும் உண்டு. பெரும்பாலும் எட்டு டோர்ச் பற்றரி அளவில் கேட்பார்கள். அதில் புதியதையும் பழையதையும் கலக்கக் கூடாது, பலவீனமான செல் கசிந்து கருவியைக் கெடுக்கும். ஆனால் அதைவிடப் பெரிய விடயம் சட்டம். 1940ஆம் ஆண்டின் 9ஆம் இலக்கத் தொல்பொருள் கட்டளைச் சட்டப்படி, அனுமதிப் பத்திரம் இல்லாமல் தொல்பொருள் தேடி நிலம் தோண்டுவது குற்றம். அது சொந்தக் காணியாக இருந்தாலும் அப்படித்தான். எமது பிள்ளைகள் யாராவது புதையல் ஆசையில் இப்படியான கருவிக்குப் பணம் சேர்க்கிறார்கள் என்று தெரிந்தால், பற்றரி விற்பதற்கு முன் இதை அவர்களுக்குச் சொல்லிவிடுங்கள்.