கடல்மேல் எழுந்த விமான நிலையம்

மணலின்மேல் வீடு கட்டினவனுடைய கதையைச் சிறு பிராயமுதல் நாம் கேட்டிருக்கின்றோம். புயலும் வெள்ளமும் வந்த நாளில் அவ்வீட்டுக்கு நேர்ந்த முடிவையும் அறிவோம். ஆயின், கற்பாறை அகப்படாத இடத்தில், சேற்றின்மேலேயே கட்டித் தீரவேண்டிய நிர்ப்பந்தம் ஒரு ஜனசமூகத்துக்கு வந்துவிடின் அவர்கள் செய்யத்தக்கது யாது? இவ்வினாவுக்கு ஜப்பான் தேசத்தார் கண்ட விடையே ஓஸாகா மாநகரின் கன்ஸாய் சர்வதேச விமான நிலையமாகும்.

முதலில் அந்நிர்ப்பந்தம் இன்னதென்று கூறுவோம். ஓஸாகாவின் பழைய விமான நிலையமாகிய இட்டாமி 1939-ல் திறக்கப்பட்டது. நாளடைவில் நகரம் வளர்ந்து, வீடுகள் அதனை நெருங்கிச் சூழ்ந்தன. 1964-ல் ஜெட் விமானங்கள் அங்கு வரத் தொடங்கியபின், அவற்றின் பேரோசையால் அயலிலுள்ளோர்க்குப் பேச்சும் உறக்கமும் அரிதாயின. 1969-ல் அவர்கள் அரசாங்கத்தின்மீது வழக்குத் தொடுத்தனர். 1981 டிசம்பரில் உச்ச நீதிமன்றம் அவர்கள் பட்ட துன்பத்துக்கு நஷ்டஈடு உண்டென்று தீர்ப்பளித்தது. இரவில் விமானப் போக்குவரத்தைத் தடுக்கவேண்டுமென்ற வேண்டுகோளை மட்டும் ஏற்கவில்லை. இதற்கிடையில், தோக்கியோ நகருக்கு அண்மையிலுள்ள நரீட்டாவில் நிலம் இழந்த உழவரும் அவர் பக்கம் நின்றோரும் பல்லாண்டு போராடினர். 1978-ல் அங்குள்ள கட்டுப்பாட்டுக் கோபுரத்தினுட் புகுந்து கருவிகளை உடைத்தமையால், அந்நிலையத்தின் திறப்பு விழாவே தள்ளிப்போயிற்று. இவற்றையெல்லாம் கண்டபின், புதிய நிலையம் எவருடைய கூரைக்கு மேலும் எவருடைய வயலின் மீதும் அமையலாகாதென்பது தெளிவாயிற்று. ஆகவே, ஓஸாகா விரிகுடாவில், கரையினின்றும் 5 கிலோமீட்டர் தூரத்தில், ஒரு தீவையே ஆக்கிக்கொள்ளத் துணிந்தனர்.

1987-ல் வேலை தொடங்கிற்று. அவ்விடத்துக் கடலின் ஆழம் ஏறத்தாழ 18 மீட்டர். அதன் அடியில் 20 மீட்டர் கனமுள்ள மென்களிமண். அதற்குங் கீழே பழைய களிமண்ணும் மணலும் மாறிமாறி நூற்றுக்கணக்கான மீட்டர் வரை படிந்துள்ளன. களிமண் நீரில் ஊறிய பஞ்சு போன்றது. மேலே பாரம் ஏற்றினால் உள்ளிருக்கும் நீர் கசிந்து வெளியேறும்; மண் சுருங்கும்; நிலம் அமிழும். அமிழ்வதைத் தடுத்தல் இயலாது; ஆயினும், பின்னர் அமிழ்வதை முன்னரே அமிழச் செய்தல் கூடும். எனவே, மேற்களிமண்ணிற் குழாய்களைச் செலுத்தி மணலை நிரப்பி, எண்ணிறந்த மணற்றூண்களை நாட்டினர். களிமண்ணின் நீர் அத்தூண்களின் வழியாக விரைந்து வெளியேறிற்று. பின்னர்க் கல்லாலும் கான்கிரீட்டாலும் கடற்சுவர் எழுப்பி, மலைகளை வெட்டிக் கொணர்ந்த ஏறத்தாழ 18 கோடி கன மீட்டர் மண்ணையும் கல்லையும் உள்ளே கொட்டினர். ஆனால் அடியிலுள்ள பழைய களிமண்ணை அம்மணற்றூண்கள் எட்டவில்லை. அதன் நீர் மெல்ல மெல்லவே வெளியேறுதலால், தீவு இன்றளவும் அமிழ்ந்துகொண்டேயிருக்கின்றது. வேலை தொடங்கிய காலமுதல் முதற்றீவு 13 மீட்டருக்கு மேல் அமிழ்ந்துள்ளது. திறப்பு விழா நடந்த 1994-ல் ஆண்டொன்றுக்குச் சுமார் 50 சென்டிமீட்டராக இருந்த அவ்வேகம், இக்காலத்தில் 6 சென்டிமீட்டர் அளவிற் குறைந்திருக்கின்றது.

தீவு முழுதும் ஒரே அளவாக அமிழுமாயின் கட்டடத்துக்குத் தீங்கு சிறிது. ஓரிடம் மிகுதியாகவும் மற்றோரிடம் குறைவாகவும் அமிழ்தலே அபாயம். இதனை முன்னறிந்து, இத்தாலிய சிற்பி ரென்ஸோ பியானோ வகுத்த, 1.7 கிலோமீட்டர் நீளமுள்ள அப்பெரு மாளிகையின் தூண்கள், ஏறத்தாழ 900, உயர்த்தத்தக்கனவாக அமைக்கப்பட்டன. ஒவ்வொரு தூணின் நிலையையும் அளந்து, தாழ்ந்த தூணை ஜாக்கியால் உயர்த்தி, அடியில் இரும்புத் தகடு செருகுகின்றனர். பிரயாணிகள் இதனை அறியாமலே மேலே நடந்து செல்கின்றனர்.

நிலையம் 1994 செப்டம்பர் 4-ல் திறக்கப்பட்டது. 3,750 மீட்டர் நீளமுள்ள பாலம் ஒன்று ரயில்களையும் மோட்டார் வண்டிகளையும் கரையினின்று கொண்டு சேர்க்கின்றது. முதல் ஓடுபாதை 3,500 மீட்டர்; பின்னர் ஆக்கிய இரண்டாந் தீவில் 2007-ல் திறக்கப்பட்டது 4,000 மீட்டர். சுற்றிலும் கடலாதலின் இரவும் பகலும் விமானங்கள் வந்து போகின்றன. பழைய இட்டாமியோ உள்நாட்டு விமானங்களை மட்டும் ஏற்று, இரவு 9 மணிக்கு மூடிக்கொள்கின்றது. திறந்த நாள்முதல் 30 ஆண்டுகளில் தம்மாற் பிரயாணிகளின் மூட்டை ஒன்றேனும் தொலைந்ததில்லையென்று கன்ஸாய் நிலையத்தார் 2024-ல் கூறினர். இறக்கிய மூட்டைகளைப் பலர் எண்ணிச் சரிபார்த்தலும், எண்ணிக்கை குறையின் உடனே தேடுதலும் அங்குள்ள வழக்கமாம்.

இந்நிலையத்துக்குச் சோதனைகள் இரண்டு நேர்ந்தன. 1995 ஜனவரி 17-ல் கோபே நகரைப் பாழாக்கி, 6,000-க்கு மேற்பட்டோரின் உயிரைக் கவர்ந்த பூகம்பத்தின்போது, அண்மையிலிருந்த இம்மாளிகை பெருஞ்சேதமின்றித் தப்பிற்று. 2018 செப்டம்பர் 4-ல் ஜெபி என்னும் பெரும்புயல் வந்தபோதோ அவ்வாறு தப்பவில்லை. அலைகள் சுவரைத் தாண்டி முதல் ஓடுபாதையை மூழ்த்தின. நிலவறையிலிருந்த மின்சாதனங்களில் நீர் புகுந்தது. நங்கூரம் நிலைகொள்ளாது அடித்துவரப்பட்ட எண்ணெய்க் கப்பலொன்று பாலத்தில் மோதிற்று. ஆயிரக்கணக்கானோர் அவ்விரவைத் தீவிலேயே கழித்தனர். பெரிய மாளிகை முற்றிலும் திறக்க இரண்டு வாரத்துக்கு மேலாயிற்று. பின்னர்ச் சுவரையும் ஓடுபாதையையும் உயர்த்தி, மின்சாதனங்களையும் நீர் புகாவண்ணம் காத்தனர்.

இத்தகைய இடத்திற் கட்டியது விவேகமோ என்று சிலர் கேட்கலாம். அயலானுடைய உறக்கத்தைக் கெடாமலும் உழவனுடைய நிலத்தைப் பறியாமலும் இருத்தற்குக் கொடுத்த விலை இதுவென்பதை நாம் மறத்தலாகாது. அன்றியும், தீவு எவ்வளவு அமிழ்ந்ததென்பதை அளந்து, நிலையத்தார் தாமே உலகறிய வெளியிடுகின்றனர். எல்லார்க்கும் கற்பாறை வாய்ப்பதில்லை. தன் அஸ்திவாரத்தின் குறையை மறைக்காது அளந்தறிந்து, தாழ்ந்த தூணை அவ்வப்போது உயர்த்துகிறவனுடைய வீடும் நிற்கும். அவன் அளப்பதை நிறுத்தாதவரையில்.