ஒலிப்பதிவும் ஒரு படிப்பே

"சேர், ஒலிப்பதிவு படிக்க எங்கை போகலாம்?" என்று உயர்தர வகுப்பு மாணவன் ஒருவன் வினவினான். உடன் வந்த தந்தையார் முகம் சுளித்தார். சினிமா என்றதும் நம் யாழ்ப்பாணத்துப் பெற்றோர் அஞ்சுவது இயல்பே. ஆயினும் அரசாங்கமே கல்லூரி வைத்துக் கற்பிக்கும் தொழில் அது.

இந்திய அரசு 1960இல் பூனா நகரில், பழைய பிரபாத் படக் கம்பெனியின் வளவிலேயே திரைப்படக் கல்லூரியை நிறுவிற்று. மட்டக்களப்பு அமிர்தகழியிற் பிறந்த பாலு மகேந்திரா ஒளிப்பதிவு பயின்றது அங்கேதான். ஒலிப்பதிவு பயின்ற கேரளத்து ரசூல் பூக்குட்டி, 2009இல் வேறிருவருடன் ஆஸ்கார் விருது பெற்றார்.

அப்படி என்னதான் கற்பிக்கிறார்கள்? படப்பிடிப்பிற் படமும் ஒலியும் பெரும்பாலும் வெவ்வேறு கருவிகளிற் பதிவாகின்றன. காட்சி தொடங்குமுன் ஒருவர் பலகை தட்டுவதைக் கண்டிருப்பீர்கள், அது வேடிக்கையன்று. பலகை முட்டும் படத்தையும் அதன் ஓசையையும் பொருத்தினாற்றான் உதடும் சொல்லும் இணங்கும். விநாடிக்கு 24 படங்கள். சில பிசகினும் கண் கண்டுகொள்ளும். பேச்சு ஓய்ந்தபின் அறையின் வெறும் அமைதியையும் தனியே பதிவர். வசனத்தை வெட்டி ஒட்டுமிடத்தில் அதனை இட்டு நிரப்பாவிடிற் காதிற் பள்ளம் விழும். பனங்கூடலின் அமைதி வேறு, கோயில் வெளிவீதியின் அமைதி வேறு அல்லவா?

பூனாவில் இப்பயிற்சிக்குப் பட்டதாரிகளையே சேர்ப்பர் என்றேன். தந்தையார் முகம் சற்றே தெளிந்தது.

"அப்ப, முதல்லை கம்பஸை முடிக்கட்டும்" என்றார்.