விரட்டாம ஒரு க்ளிக்!

விழுப்புரம் காலேஜா? கையில கேமரா இருக்கா? லீவு நாள்ல ஊட்டிக்கு ஓடாதீங்க. திண்டிவனத்துல பஸ் மாறி மரக்காணம் போங்க. பக்கத்துலயே கழுவெளி ஏரி. 2021-ல் பறவைகள் சரணாலயமா அறிவிச்ச இடம். குளிர்காலத்துல வெளிநாட்டு விருந்தாளிகள் நிறைய!

ஜூம் லென்ஸ் இல்லையா? பைனாகுலர்ல கண் வைக்கிற பக்கம் செல்போனை ஒட்டிப் பிடிச்சு எடுங்க. ஓரத்துல கறுப்பு வட்டம் விழும். லேசா ஜூம் பண்ணினா போயிடும்.

ஆனா, பறக்குற ஷாட்டுக்காக கல்லெறியறது, கை தட்டறது வேணவே வேணாம். ஆயிரக்கணக்கான கிலோமீட்டர் பறந்து வந்த உடம்பு அது. விரட்ட விரட்ட, இரை தேடுற நேரமும் திரும்பிப் போகச் சேர்த்த கொழுப்பும் வீண். பறவைங்க பெரும்பாலும் எதிர்காத்துலதான் எழும்பும். அதனால காத்து உங்க முதுகுல படுற மாதிரி உட்காருங்க. தானாவே உங்க பக்கம் வரும். அதுவரைக்கும் உப்பளப் பாத்தித் தண்ணியில தெரியற வானத்தை எடுங்களேன்!