எப்போது புகைகிறது பழைய கார்?

லிட்டருக்குப் பதினைந்து கிலோமீட்டர் ஓடிக்கொண்டிருந்த பழைய பெட்ரோல் கார் பத்துக்கு இறங்கிவிடுகிறது. ஐடிலிங்கில் குலுங்குகிறது. சைலன்சர் வாயில் விரலை வைத்தால் கரி அப்பிக்கொள்கிறது. சிக்னலில் நின்றால் பெட்ரோல் நெடி மூக்கில் ஏறுகிறது. ஒர்க்‌ஷாப்பில் "மிக்சர் ரிச்சா ஓடுது சார்" என்கிறார்கள். சொல்வது சரிதான். அதற்குப் பிறகு நடப்பதுதான் வருத்தம் தருகிறது. கார்புரேட்டர் வண்டி என்றால் மிக்சர் ஸ்க்ரூவைத் திருகி அனுப்பிவிடுகிறார்கள். இன்ஜெக்‌ஷன் வண்டி என்றால் ஆக்சிஜன் சென்சரை மாற்றி பில் போடுகிறார்கள். சில வாரங்களில் கரி மறுபடி வந்து நிற்கிறது. எந்தப் பாகம் கெட்டது என்று தேடுவதற்கு முன்னால், எந்த நேரத்தில் பெட்ரோல் மிகுதியாகப் போகிறது என்று கேட்டிருந்தால் அந்த வீண்செலவு வந்திருக்காது.

ஒரு கிராம் பெட்ரோல் முழுதாக எரிய 14.7 கிராம் காற்று வேண்டும். கொள்ளளவில் பார்த்தால், ஒரு லிட்டர் பெட்ரோலுக்கு ஏறக்குறைய 9,000 லிட்டர் காற்று. காற்று குறைந்தால் பெட்ரோல் அரைகுறையாக எரிந்து கார்பன் மோனாக்சைடும் கரியுமாக வெளியேறுகிறது. எரியாமல் மிஞ்சியது சிலிண்டர் சுவரில் உள்ள எண்ணெய்ப் படலத்தைக் கழுவிக்கொண்டு இன்ஜின் ஆயிலில் போய்க் கலக்கிறது. கேட்டலிட்டிக் கன்வெர்ட்டர் உள்ள கார் என்றால், மிச்ச பெட்ரோல் அதற்குள் எரிந்து அதை உருக்கிவிடவும் கூடும்.

ஆனாலும் பெட்ரோல் மிகுவதே கோளாறு என்று சொல்லிவிட முடியாது. குளிர்ந்த இன்ஜினில் பெட்ரோல் சரியாக ஆவியாவதில்லை. அதனால்தான் காலையில் ஸ்டார்ட் செய்யும்போது சோக் கூடுதலாக ஊட்டுகிறது. முழு ஆக்சிலேட்டரில் ஏற்றம் ஏறும்போதும் 12.5 அல்லது 13 பங்கு காற்றில்தான் இன்ஜின் நன்றாக இழுக்கும். வேண்டாத நேரத்திலும் அந்தக் கூடுதல் தொடர்ந்தால்தான் அது பழுது.

முதலில் உண்மையிலேயே ரிச்சா என்று உறுதிசெய்துகொள்ள வேண்டும். ஸ்பார்க் பிளக்கைக் கழற்றினால், உலர்ந்து பொடியாகக் கரி படிந்திருப்பது பெட்ரோல் மிகுதியைக் காட்டும். பிசுபிசுவென்று பளபளக்கும் கருமை, ஆயில் எரிவதைக் காட்டும். புகையும் அப்படித்தான்: கறுப்பு என்றால் பெட்ரோல், நீலம் என்றால் ஆயில், நிற்காமல் வரும் அடர்ந்த வெள்ளை என்றால் ரேடியேட்டர் தண்ணீர்.

இதைவிடத் தெளிவான சாட்சி காரிலேயே இருக்கிறது. பலர் அதை மடித்து வைத்து மறந்துவிடுகிறார்கள். பொல்யூஷன் சர்டிபிகேட்டில் கார்பன் மோனாக்சைடு, ஹைட்ரோகார்பன் என்று இரண்டு எண்கள் அச்சாகியிருக்கும். பி.எஸ்-2க்கு முந்தைய கார்களுக்கு மோனாக்சைடு வரம்பு 3 சதவீதம், பி.எஸ்-2, பி.எஸ்-3 கார்களுக்கு 0.5 சதவீதம். மோனாக்சைடு எகிறியிருந்தால் மிக்சர் ரிச் என்பதில் சந்தேகமில்லை. மோனாக்சைடு அளவோடு இருந்து ஹைட்ரோகார்பன் மட்டும் ஏறியிருந்தால், பெரும்பாலும் ஏதோ ஒரு சிலிண்டரில் பெட்ரோல் சரியாகப் பற்றவில்லை; பார்க்க வேண்டியது பிளக், பிளக் வயர், காயில். இரண்டிலும் ஒரே பெட்ரோல் நெடிதான் வரும். மூக்கை மட்டும் நம்பி கார்புரேட்டரைக் கழற்றுவது அதனால்தான் ஆபத்து.

1983 டிசம்பரில் சாலைக்கு வந்த மாருதி 800, 796 சி.சி., மூன்று சிலிண்டர் இன்ஜினோடு 2014 வரை தயாரானது. தொடக்கத்தில் கார்புரேட்டர், பிற்காலத்தில் இன்ஜெக்‌ஷன் என்று இரு காலங்களையும் பார்த்த கார் அது. இரு வகையும் இன்னும் ஓடிக்கொண்டிருக்கின்றன. கோளாறைத் தேடும் வழி இரண்டுக்கும் வேறு.

கார்புரேட்டரில் முதலில் ஏர் ஃபில்டர். கழற்றிவிட்டு ஓட்டிப் பார்த்ததும் புகை குறைந்தால் வேலை அங்கேயே முடிந்தது. அடுத்தது சோக். இன்ஜின் சூடான பிறகு சோக் தகடு முழுதாகத் திறந்து செங்குத்தாக நிற்கிறதா என்று மேலிருந்து பார்த்தாலே தெரியும். கேபிள் துருப்பிடித்துப் பாதியில் நிற்பது பழைய கார்களில் சகஜம்.

காலையில் ஒழுங்காக ஸ்டார்ட் ஆகி, சூட்டில் நிறுத்திப் பத்து நிமிடம் கழித்துத் தகராறு செய்யும் வண்டியில், கார்புரேட்டருக்குள் பெட்ரோல் மட்டத்தைக் காக்கும் ஃப்ளோட்டைச் சந்தேகிக்கலாம். இன்ஜினை அணைத்துவிட்டு கார்புரேட்டரின் தொண்டைக்குள் டார்ச் அடித்தால் பெட்ரோல் சொட்டிக்கொண்டிருக்கும். நீடில் வால்வு தேய்ந்திருக்கலாம். வால்வில் தூசி சிக்கியிருக்கலாம். ஃப்ளோட்டே ஓட்டையாகிப் பெட்ரோலைக் குடித்து மூழ்கியிருக்கலாம். ஃப்ளோட்டைக் கழற்றிக் காதருகே ஆட்டினால் உள்ளே சலசலக்கும். இந்தச் சோதனைகளின்போது பக்கத்தில் பீடி, தீக்குச்சி எதுவும் இருக்கவே கூடாது.

கோளாறே இல்லாமல் ரிச்சாக ஓடும் இடமும் உண்டு. மேட்டுப்பாளையத்தில் நன்றாக ஓடிய கார்புரேட்டர் வண்டி ஊட்டியில் திணறும். ஏறத்தாழ 2,240 மீட்டர் உயரத்தில் காற்றின் அடர்த்தி கடல்மட்டத்தைவிட ஐந்தில் ஒரு பங்கு குறைவு. கார்புரேட்டருக்கு அது தெரியாது. அங்கே ஸ்க்ரூவைத் திருகிச் சரிசெய்துகொண்டு கோவைக்கு இறங்கினால், இந்த முறை பெட்ரோல் போதாமல் இழுக்காது.

இப்போது பெட்ரோல் பங்க்குகளில் கிடைக்கும் 20 சதவீத எத்தனால் கலந்த பெட்ரோலுக்குத் தேவையான காற்று சுமார் 13.5 பங்குதான். சாதாரண பெட்ரோலுக்கு டியூன் செய்த பழைய கார்புரேட்டரில் அது மிக்சரைச் சற்று லீன் (பெட்ரோல் குறைவு) ஆக்கும். அப்படியிருந்தும் பிளக் கறுத்தால், கோளாறு நிச்சயம்.

இன்ஜெக்‌ஷன் காரில் எவ்வளவு பெட்ரோல் என்று முடிவு செய்வது கம்ப்யூட்டர். உள்ளே வரும் காற்றை அளந்துதான் அது பெட்ரோல் விடுகிறது என்பதால், அழுக்கு ஃபில்டர் இங்கே மிக்சரை அவ்வளவாக மாற்றுவதில்லை. கம்ப்யூட்டருக்குத் தவறான செய்தி போவதுதான் பல சமயம் சிக்கல். முதல் சந்தேகம் கூலன்ட் டெம்பரேச்சர் சென்சர் மேல். பரவலான ஒரு வகையில் இதன் மின்தடை 20 டிகிரியில் சுமார் 2,500 ஓம், 80 டிகிரியில் சுமார் 300 ஓம். இணைப்பு அரித்துத் தடை கூடினால், கொதிக்கும் இன்ஜினைக் குளிர்ந்தது என்று நம்பி கம்ப்யூட்டர் ஊட்டிக்கொண்டே இருக்கும். சாதாரண மல்டிமீட்டரே இதைக் கண்டுபிடித்துவிடும்.

சென்சர் சரியாக இருந்தும் அளவு குளிர்ச்சியையே காட்டினால் தெர்மோஸ்டாட்டைத் தேட வேண்டும். "நம்ம ஊர் வெயிலுக்குத் தேவையில்லை" என்று அதைக் கழற்றி எறியும் பழக்கம் இன்னும் போகவில்லை. இது பெரிய தவறு. அது இல்லாத இன்ஜின், நெடுஞ்சாலையில் போகும்போது உரிய சூட்டை எட்டவே திணறும். சென்சர் உண்மையைச் சொல்லும், கம்ப்யூட்டரும் ஒழுங்காகவே நடந்துகொள்ளும், பெட்ரோல் மட்டும் வீணாகும்.

ஃப்யூயல் பிரஷர் ரெகுலேட்டர் இன்ஜின் மேலேயே இருக்கும் கார்களில் அதன் வேக்குவம் ஹோஸை உருவிப் பார்க்கலாம். உள்ளே பெட்ரோல் ஈரம் இருந்தால் டயஃப்ரம் கிழிந்துவிட்டது.

ஆக்சிஜன் சென்சரை பாஷ் நிறுவனம் 1976இல் வோல்வோ கார் வழியாக அறிமுகப்படுத்தியது. ஒழுங்காக இயங்கும்போது அது 0.1 முதல் 0.9 வோல்ட் வரை மேலும் கீழும் ஆடிக்கொண்டிருக்கும். 0.8, 0.9இலேயே நின்றால் மிக்சர் ரிச் என்று அது உண்மையைச் சொல்கிறது. அதை மாற்றி என்ன பயன்? ஸ்கேனர் போட முடிந்த கார்களில் ஃப்யூயல் டிரிம் எண்ணைப் பார்த்தால் விஷயம் விளங்கும். மைனஸ் 20 என்றால், எங்கிருந்தோ வரும் கூடுதல் பெட்ரோலைக் கம்ப்யூட்டர் குறைக்கப் போராடுகிறது. பிளக் கறுத்திருக்கும்போதே பிளஸ் காட்டினால், லீன் என்ற பொய்ச்செய்தியை நம்பி அதுவே பெட்ரோலைக் கூட்டுகிறது. அப்போது சென்சரையும், அதற்கு முன்னால் சைலன்சர் குழாயில் விரிசல் வழியாக வெளிக்காற்று நுழைகிறதா என்பதையும் பார்க்க வேண்டும்.

காரணத்தைக் கண்டு சரிசெய்த பிறகும் டிப்ஸ்டிக்கை முகர்ந்து பார்ப்பது அவசியம். பெட்ரோல் வாடை அடித்தாலோ, மட்டம் ஏறியிருந்தாலோ ஆயிலை மாற்றியே ஆக வேண்டும். ஆயிலில் கலந்த பெட்ரோல் ஆவியாகி மறுபடி இன்ஜினுக்குள்ளேயே போய், தீர்ந்த கோளாறு தீராதது போலக் காட்டும். அதன்பின் பிளக்குகளைத் துடைத்து மாட்டி, ஒரு டேங்க் பெட்ரோல் ஓட்டி முடித்ததும் மறுபடி கழற்றிப் பார்க்க வேண்டும். நுனி வெளிர் பழுப்பாகியிருந்தால், புகைப் பரிசோதனை நிலையத்தில் மோனாக்சைடு அளவையும் ஒருமுறை சரிபார்த்துக்கொள்ளலாம்.